வெளிநாட்டவருக்கு வீடில்லை என்ற பலகையைக் கழற்றுங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள ஒரு கோயிலூரின் ஊர்க்கூட்டத்தாருக்கும், அங்கே வீடு வாடகைக்கு விடும் சொந்தக்காரர்களுக்கும்,

பஸ் நிற்கும் இடத்தில் நீங்கள் கட்டியிருக்கும் ப்ளெக்ஸில் இரண்டே வரிகள். "வெளிநாட்டவருக்கு வீடு வாடகைக்கு விடப்படமாட்டாது. ஏற்கெனவே குடியிருப்போர் தை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும்." ஊரின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும், அது போதும்.

நாங்கள் மதுரையில் வெளிநாட்டவர் தங்கும் பதிவு, விசா நீட்டிப்பு விண்ணப்பம் போன்றவற்றை எழுதிக் கொடுக்கிறவர்கள். உங்கள் ஊர் வீடுகளில் தங்குகிறவர்களின் பாஸ்போர்ட் நகலும் வாடகை ஒப்பந்தமும் எங்கள் மேசைக்குத்தான் வந்து சேருகின்றன. பெரும்பாலும் எட்டு நாள் தாமதமாக, வாட்ஸப்பில், தலைகீழாகப் பிடித்த போட்டோவாக. அந்தக் காகிதங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: உங்கள் தீர்மானம் தப்பு. கால் மணி நேர வேலை ஒன்றை யாரும் சொல்லிக் கொடுக்காததால் வந்த பயம் அது. அந்தப் பயத்துக்காக, வாடகையை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டு, காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, மீதி நேரம் வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் கிழவர்களும் கிழவிகளும் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். ஒரு வீட்டுக்காரர் பதிவு செய்யாமல் விட்டார். விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. ஸ்டேஷனுக்கு மூன்று தடவை மலை இறங்கி ஏறினார். மூன்றாம் தடவை திரும்பி வந்தவர் டீக்கடையில் சொன்னதுதான் ஊர்த் தீர்மானமாகிவிட்டது.

சட்டம் என்ன கேட்கிறது என்று முதலில் பார்ப்போம். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் அதோடு போய்விட்டன. ஆனால் வீட்டுக்காரருக்கு இருந்த கடமை போகவில்லை: வெளிநாட்டுக் குடிமகன் உங்கள் வீட்டில் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அரசின் வெளிநாட்டவர் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஓட்டல், மடம், ஆசிரமம், மாடியில் ஒற்றை அறை, எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஊர் வழக்கில் இதற்கு இன்னும் சி ஃபார்ம் என்றே பெயர்; நாங்களும் அப்படியே சொல்கிறோம். ஓசிஐ அட்டை வைத்திருக்கும் நம்மூர் வம்சாவளிக்காரரும் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன். "அவர் தமிழ் பேசுறாரே, நம்ம பழனிப் பக்கத்து ஆளு" என்று விட்டுவிடாதீர்கள்.

இதற்கு அரசு ஒரு பைசா கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் ஊரில் ஒரு பதிவுக்கு இரண்டாயிரம் ரூபாய் கேட்ட தரகரிடம் இதைச் சொல்லுங்கள். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் இதில் வேலை கிடையாது. பாரதி உலா வீதியில் போய் வரிசையில் நின்று, காலையை வீணாக்கித் திரும்பிய வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்தான் பதிவு அதிகாரி. அவருக்குப் போய்ச் சேரும் தகவலைத்தான் நீங்கள் வீட்டில் இருந்தபடி ஏற்றுகிறீர்கள்.

செய்கிற முறை இது. ஆள் வருவதற்கு முன்பே, வீடு தருபவர் என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்து வையுங்கள். ஒப்புதல் வரச் சில நாள் ஆகலாம். ஆள் வந்து இறங்கிய பிறகு திறக்க உட்கார்ந்தால் 24 மணி நேரம் அதிலேயே போய்விடும், அதிலும் உங்கள் ஊர் சிக்னலில். ஆள் வந்ததும் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: பாஸ்போர்ட்டின் போட்டோப் பக்கம், விசா ஒட்டிய பக்கம் அல்லது மின் விசாத் தாள், விமான நிலையத்தில் குத்திய வருகை முத்திரை உள்ள பக்கம். மூன்றாவதை யாருமே அனுப்புவதில்லை. அது இல்லாமல் இந்தியாவுக்குள் வந்த தேதியை நிரப்ப முடியாது. அந்தக் கட்டத்தில் உங்கள் வீட்டுக்கு வந்த தேதியைப் போட்டால் விவரம் குடியேற்றப் பதிவோடு ஒத்துப்போகாது, விசாரணை அங்கே ஆரம்பிக்கும். நாட்டுக்குள் வந்த தேதியும் வீட்டுக்குள் வந்த தேதியும் தனித்தனிக் கட்டங்கள். அந்த வீட்டுக்காரர் மூன்று தடவை மலை இறங்கியதில் இரண்டு தடவை இந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

அடுத்து பாஸ்போர்ட் எண். போட்டோப் பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி ஓடும். இரண்டாவது வரியின் முதல் ஒன்பது இடங்கள்தான் எண். எண் சிறியதாக இருந்தால் மீதி இடங்களில் அம்புக்குறி நிற்கும். பத்தாவதாக நிற்கும் இலக்கம் இயந்திரம் சரிபார்ப்பதற்கு. அதையும் சேர்த்து எழுதி ஒரு இலக்கம் கூடுதலாகப் போடுவது வழக்கமான தவறு. பூஜ்ஜியத்தையும் ஓ எழுத்தையும் மாற்றிப் போடுவது இன்னொன்று. மின் விசா என்றால் தாளில் விண்ணப்ப எண்ணும் இருக்கும், விசா எண்ணும் இருக்கும்; கேட்பது இரண்டாவதை. குடும்பப் பெயரையும் இடுபெயரையும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். சுவாமி, மாதா, ஆனந்தா என்று அவர் இங்கே வைத்துக்கொண்ட பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஃபார்மில் வரக்கூடாது. போட்டோ பெரிய அளவாக இருந்தால் ஏறாது, சுருக்கி ஏற்றுங்கள். கடைசியில் வரும் ஒப்புகையை அச்செடுத்து ஈபி அட்டையோடு சேர்த்து வையுங்கள். காலி செய்து போகும்போது அதையும் அதே இடத்தில் பதிய வேண்டும். அவர் உங்கள் வீட்டிலிருந்து பக்கத்துத் தெரு வீட்டுக்கு மாறினாலும், பக்கத்துத் தெருக்காரர் புதிதாகப் பதிய வேண்டும்.

இவ்வளவுதான் சி ஃபார்ம். இதற்குப் பயந்தா ப்ளெக்ஸ் அடித்தீர்கள்?

இதைவிட நீங்கள் பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. நாள் கணக்கு. ஐந்து வருட சுற்றுலா விசா என்றால் ஐந்து வருடம் ஒரே மூச்சாக இருக்கலாம் என்று பொருளில்லை. மின் சுற்றுலா விசாவில் ஒரு தடவைக்கு இத்தனை நாள்தான் என்று வரம்பு உண்டு. நாட்டைப் பொறுத்து அது 90 நாளாகவோ 180 நாளாகவோ இருக்கும். விசா முடியும் தேதி ஒன்று, இந்தத் தடவை தங்கக்கூடிய கடைசி நாள் வேறொன்று. நாம் மாதமாக எண்ணுவோம், விசா நாளாக எண்ணும். ஜனவரி 10 அன்று வந்து இறங்கியவருக்கு, வந்த நாளையும் சேர்த்து, லீப் வருடமாக இல்லாவிட்டால், 90ஆம் நாள் ஏப்ரல் 9. 180ஆம் நாள் ஜூலை 8. "ஆறு மாசம்தானே, ஜூலை 10 வரைக்கும் இருக்கலாம்" என்று வாடகையை முன்கூட்டி வாங்கிக்கொண்டால், அவர் இரண்டு நாள் அத்துமீறித் தங்கியவர் ஆகிவிடுவார். அத்துமீறித் தங்கினால் புதிய சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. வெளியேறுவதற்கே தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஊரிலிருந்து வரும் ஒப்பந்தங்கள் எல்லாமே 11 மாதம். ஏன் 11 மாதம் என்று கேட்டால், பத்திர எழுத்தரிடம் அந்த மாதிரிதான் இருந்தது என்கிறீர்கள். 90 நாள் மட்டுமே தங்கக்கூடிய ஒருவருக்கு 11 மாத ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவது உங்களுக்கு எதிராக நீங்களே தயாரிக்கும் சாட்சி. ஒப்பந்தத்தின் கடைசி நாள், அவர் இந்தத் தடவை தங்கக்கூடிய கடைசி நாளைத் தாண்டக்கூடாது. போய்த் திரும்பி வந்தால் புது ஒப்பந்தம், புதுப் பதிவு. விசாவே 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்து, பதிவு வேண்டும் என்று அதில் குறித்திருந்தால், அவர் வந்து 14 நாளுக்குள் தாமாக வெளிநாட்டவர் பதிவை இணையத்தில் செய்ய வேண்டும். அது அவர் வேலை. ஆனால் அதற்கு உங்கள் ஒப்பந்த நகலும் ஈபி பில்லும் தேவைப்படும். "எதுக்கு வம்பு" என்று அவற்றைத் தர மறுக்கும் வீட்டுக்காரரால்தான் வம்பு உண்டாகிறது.

அட்வான்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்ளூர்க்காரருக்கு மூன்று மாத வாடகை, வெளிநாட்டவருக்குப் பத்து மாத வாடகை. சிலர் ஒத்திக்கே விடுகிறார்கள். ஒத்திப் பணம் மூன்று லட்சம் வாங்கி, அதில் பூண்டுக் காட்டுக்கு விதை, உரம் என்று இறக்கிவிடுகிறீர்கள். நீட்டிப்புக் கிடைக்காமல் அவர் பத்து நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தால், பூண்டு அப்போதுதான் இலை விட்டிருக்கும். பணத்துக்கு எங்கே போவீர்கள்? அவர் போய்விடுவார், தூதரகத்துக்குக் கடிதம் எழுதுவார், அது சுற்றி உங்கள் ஊர்ப் பெயரோடு வரும். வெளிநாட்டவருக்கு ஒத்தி வேண்டாம். மூன்று மாத அட்வான்ஸ், ரசீதோடு.

உங்கள் பக்கத்து நியாயம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. போதைக் காளானைத் தேடி வருகிறவர்களால் ஊருக்குக் கெட்ட பெயர். கோயில் வாசலில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து புகைக்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அனுமதி இல்லாமல் சோலைக்குள் நடந்து போய் வழி தவறியவரைத் தேடி ஊரே டார்ச்சோடு அலைவதும் நடக்கிறது. ஆனால் இந்தக் கூட்டத்தில் பெரும்பாதி வார இறுதியில் காரில் வந்து போகிற நம்மூர்க்காரர்கள் என்பதை ஒப்புக்கொள்வீர்கள். அவர்களுக்கு ப்ளெக்ஸ் இல்லை. அவர்களுக்கு ஓர் இரவுக்கு நாலாயிரம் ரூபாய் ரூம் இருக்கிறது. வருடக்கணக்கில் வந்து போகிறவரை விரட்டிவிட்டு அந்த வீட்டையும் அப்படி ஒரு ரூமாக மாற்றினால், குப்பையும் குடியும் கூடுமே தவிரக் குறையாது. வீட்டு ஈபி இணைப்பில் தினவாடகை ரூம் நடத்துவது வேறொரு வம்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

"இது கோயிலூர், வேற்று மதத்தார் எதுக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டோம். 2024 ஜனவரியில் பழனிக் கோயில் வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது கொடிமரத்துக்கு அப்பால் யார் போகலாம் என்பதைப் பற்றி. நம்பிக்கையோடு வரும் வேற்று மதத்தாரிடம் உறுதிமொழி எழுதி வாங்கி அனுமதிக்கவும் அதே தீர்ப்பில் வழி இருந்தது. குடியிருக்கும் வீட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பிறகு, கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலை 1936இல் கட்டியவர் யார்? ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட அம்மையார். அந்தக் கோயில் இப்போது பழனி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கே நின்று பழனி மலையைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களில் உங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. அந்த அம்மையாருக்கு அன்றைக்கு யாராவது ப்ளெக்ஸ் கட்டியிருந்தால்?

சொல்லப்போனால் மதுரைக் காய்ச்சலுக்குத் தப்பி 1845இல் மலையேறி பங்களா கட்டிய அமெரிக்க மிஷனரிகளிலிருந்து உங்கள் மலைக்கு வெளியாட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் நடக்கும் விஷயங்களில் சட்டத்தைவிட உங்கள் அக்கறைதான் தேவை. மார்கழியில் இவர்கள் வாங்கும் அறைச் சூடேற்றி 2000 வாட். 230 வோல்ட்டில் அது இழுப்பது ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் படுக்கையறைச் சுவரில் இருப்பது 6 ஆம்பியர் ப்ளக். மாற்றுமுனை வைத்து அதில் செருகினால் முதலில் ப்ளக்கின் வாய் பழுப்பேறும், பிறகு உருகும், மீன் வாடை மாதிரி ஒரு வாடை வரும், அதற்கப்புறம் தீ. 16 ஆம்பியர் ப்ளக் ஒன்று, அதற்கென்று மெயினிலிருந்து தனி வயர். இவ்வளவு செய்தால் போதும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் பத்து யூனிட். இரண்டு மாதத்துக்கு 600. 500 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கணக்கும் வேறு படிக்கட்டுக்குப் போய்விடும். இதை ஆரம்பத்திலேயே சொல்லி, மீட்டரைக் காட்டி எழுதி வைத்தால் பில் வரும் நாளில் சண்டை இல்லை.

சூடேற்றிக்குப் பதில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது அதைவிடக் கொடியது. கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை. கணப்பு அடுப்பு உள்ள பழைய வீடுகளில் புகைபோக்கியில் குருவிக்கூடு அடைத்திருந்தாலும் இதே கதைதான். வருடத்துக்கு ஒரு தடவை ஐப்பசி மழை விட்டதும் கம்பு விட்டுக் குத்திப் பாருங்கள்.

தண்ணீர்: ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸில் வருவதை அப்படியே குடிக்க உங்கள் வயிறு பழகியிருக்கிறது, அவர்கள் வயிறு பழகவில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஆகவே குமிழ் வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்க விடச் சொல்லுங்கள். சமையலுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாளச் சான்று காட்டினாலே கிடைக்கும். உங்கள் மானிய சிலிண்டரைக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் ஆதாரில் சிம் எடுத்துக் கொடுப்பதோ கூடவே கூடாது. பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டி அவரே வாங்கலாம். அவர் போன பிறகு அந்த எண்ணில் நடக்கும் எதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பையில் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறதா என்று மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள். மலை ஏறுகிறவர்கள் பத்திரத்துக்கு என்று கொண்டுவருவார்கள். இங்கே அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே வழக்கு.

மதுரையிலிருந்து ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏறி வருகிறவருக்கு இ-பாஸ், அதாவது வண்டி மலையேற இணையத்தில் எடுக்கும் அனுமதி, வேண்டாம். 2024 மே 7 முதல் டாக்ஸியில் வந்தால் வேண்டும். வெளிநாட்டவர் போன் எண் இல்லாமல் மின்னஞ்சல் முகவரியிலேயே எடுக்கலாம். இதைத் தெரியாமல் வத்தலக்குண்டில் மாட்டிக்கொண்டு உங்களுக்குப் போன் போடுகிறவர்களால் உங்கள் தூக்கம் கெடுவதும் எங்களுக்குத் தெரியும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவைதான்.

தை மாதக் கெடுவை ரத்து செய்யுங்கள், ப்ளெக்ஸைக் கழற்றுங்கள். விசா செல்லுபடியாகி, பதிவும் சரியாக இருக்கிறவரை இடையில் வெளியேற்றுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் எழுதி வையுங்கள். விசா சரியில்லாதவரைக் காப்பாற்றச் சொல்லவில்லை. அவரை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள்.

வெளிநாட்டவருக்கு வீடு தர விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் இணையக் கணக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதை ஊர் விதியாக்குங்கள். கணக்கு இல்லாத வீட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகருக்குக் கமிஷன் கிடையாது என்று சேர்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒப்பந்தத்தின் கடைசி நாளை வருகை முத்திரையிலிருந்து எண்ணிப் போடுங்கள். அட்வான்ஸ் மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம், ஒத்தி அறவே வேண்டாம். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அவருடைய சொந்தக்காரர் ஒருவரின் எண்ணையும் காப்பீட்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள். நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்து மதுரைக்கு நான்கு மணி நேரம் இறங்கும்போது அந்த ஒரு வரிதான் உதவும்.

ஊரின் விதிகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: கோயில் உடை, காளான், ட்ரோன், வனத்துறை அனுமதி, ராத்திரி எத்தனை மணிக்குச் சத்தம் நிற்க வேண்டும் என்பது. மீறுகிறவருக்கு, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், வீடு இல்லை என்று சொல்லுங்கள். மதுரைக்காரருக்கும் அதே விதி.

அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு எங்களில் இருவர் லேப்டாப்போடு வருகிறோம். வருகிறவர்கள் ஆதார், வீட்டு வரி ரசீது, ஈபி பில், ஓடிபி வரும் போன் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ஒருவருக்குக் கால் மணி நேரம், காசு வேண்டாம். சிக்னல் கோயில் மண்டபத்தைவிடப் பள்ளிக்கூடத்துத் திட்டில்தான் நன்றாக இருக்கிறது, அங்கேயே மேசை போடுங்கள். ப்ளெக்ஸைக் கழற்றும்போது கம்பை மட்டும் விட்டு வையுங்கள். விதிகள் எழுதிய பக்கத்தை அதிலேயே கட்டலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பதிவுகளை மதுரையிலிருந்து எழுதிக் கொடுப்பவர்கள்